வாங்கிய பாட்டிலுக்குத் திருட்டுப் பட்டம்

லண்டனில் படித்தபோது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மாலை ஷிப்ட் பார்த்தேன். சரக்கு அடுக்குகிற வேலை, பரவாயில்லை, ஆனால் விஸ்கி, வோட்கா பாட்டில்களின் கழுத்தில் ஒவ்வொன்றாகத் திருட்டைத் தடுக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொப்பி மாட்டுவதுதான் உயிரை வாங்கும். பில் போடும் இடத்தில் காந்தத்தில் வைத்துக் கழற்றுவார்கள், கழற்றியதெல்லாம் கூடையில் எங்களிடமே திரும்பி வரும், மறுபடி மாட்டு. சில பாட்டிலுக்குக் கழுத்து தடிமன், தொப்பி உட்காராது. இதையெல்லாம் பாட்டில் செய்கிற இடத்திலேயே மாட்டி அனுப்பினால் என்ன என்று தினமும் புலம்புவேன்.

அப்படி அனுப்புகிறார்கள் என்பது தெரிந்த விதம்தான் கேவலம். நண்பனின் பிறந்தநாளுக்கு, பக்கத்துத் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் நடத்தும் கடையில் விஸ்கி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஷிப்டுக்குப் போனேன். வாசல் அலாரம் அலறியது. தினமும் எனக்கு வணக்கம் சொல்லும் காவலாளி என் பையைத் திறந்து பார்க்கிறார், வரிசையில் நிற்பவர்களெல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள். பாட்டிலில் தொப்பியும் இல்லை, ஒன்றும் இல்லை. பின்பக்க லேபிளைத் தடவினால் மட்டும் உள்ளே ஏதோ புடைப்பு.

அந்தப் புடைப்புதான் டேக், தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பும் திருட்டுத் தடுப்புச் சில்லு; உள்ளே இருப்பது மெல்லிய உலோகப் பட்டைகளும் ஒரு சின்னக் காந்தமும். கடை வாசலில் நிற்கும் அலாரக் கம்பம் 58 கிலோஹெர்ட்ஸில் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருக்கும், அடித்து முடித்த மணி போலப் பட்டை அதே அதிர்வில் கொஞ்ச நேரம் ஒலித்துக்கொண்டிருந்தால் உடனே கத்தும். பில் போடும் மேடையில் அந்தக் காந்தத்தின் வலுவைப் போக்கிவிட்டால் அதிர்வெண் மாறிவிடும், கம்பத்துக்குக் கேட்காது. இன்னொரு வகை 8.2 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ சுருள், காகிதம் போல மெல்லியது, புடைக்காது, லேபிளுக்கு அடியில் அழகாகப் படியும். ஆனால் பக்கத்தில் திரவமோ உலோகத் தாளோ இருந்தால் அதற்குச் சுருதி பிசகிவிடும். பாட்டில் முழுக்கத் திரவம், அதைத் தகர டப்பாவில் வேறு போட்டு விற்கிறார்கள், என்ன செய்ய? முதல் வகை திரவத்தையும் உலோகத் தாளையும் ஓரளவு தாங்கும், ஆனால் தடிமன். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் ஓடும் லைனில் இந்தப் புடைப்பை ஒட்டி, அதன்மேல் சுருக்கம் விழாமல் லேபிளும் ஒட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இந்த டேக் தொழில் பிறந்ததே பாட்டிலால்தான் என்பது எனக்குப் பிடித்த கதை. 1960-களில் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் க்ரோகர் என்ற சூப்பர் மார்க்கெட்டின் மேலாளராக இருந்த ரொனால்ட் அசாஃப், ஒயின் பாட்டில்களுடன் ஓடிய ஒருவனைத் துரத்திப் பிடிக்க முடியாமல் மூச்சிரைக்கத் திரும்பினாராம். அவர் தொடங்கிய நிறுவனம்தான் சென்சர்மேட்டிக். ரேடியோ வகைக்குப் பேர்போன செக்பாயின்டை 2016-ல் வாங்கியது சிசிஎல் என்ற லேபிள் கம்பெனி. டேக்கும் லேபிளும் ஒரே வீட்டுக்குள் வந்தாயிற்று.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டேக்குக்குக் காசு கொடுப்பது மதுபானம் செய்கிறவர், திருட்டு குறைந்து லாபம் பார்ப்பது பெரிய கடைக்காரர், அவர்களிலும் ஒருவர் 58 கேட்பார், இன்னொருவர் 8.2 கேட்பார். இரண்டையும் ஒட்டினால் செலவு இரட்டிப்பு. அதே சரக்கு மொத்தக் கடை வழியாகச் சின்னக் கடைகளுக்கும் போகிறது, அங்கே கம்பமும் இல்லை, டேக்கை அடக்கும் மேடையும் இல்லை. டேக் உயிரோடு வாடிக்கையாளரின் பைக்குள் போகிறது. கையால் தொப்பி மாட்டிய நான் தொழிற்சாலை டேக்குக்குத்தான் ஓட்டுப் போடுவேன், ஆனால் அடக்க வழியில்லாத கடைக்கும் அதையே அனுப்புவது அநியாயம்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் அசரவே இல்லை.

"தம்பி, எங்கட கடையில வாங்கின போத்தல் மற்றக் கடையில சத்தம் போடுதெண்டு நீங்க மூன்றாவது ஆள். எனக்கெதுக்கு உது? என்ர போத்தல் எல்லாம் எனக்குப் பின்னாலதானே நிக்குது."

உண்மைதான், அவர் கடையில் மது முழுக்கக் கல்லாவுக்குப் பின்னால். அப்புறம் ஒரு மாற்றம் செய்தார்: பில்லைப் பையில் போடாமல் பாட்டில் கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டித் தர ஆரம்பித்தார்.