வரிசையின் கடைசி எழுத்து வரை பாருங்கள்

தாவர செல் உயிரியல் வாய்மொழித் தேர்வில் ஓர் அமினோ அமில வரிசையை என் முன் நீட்டினார்கள். சி-முனையில், அதாவது வரிசையின் கடைசியில், நீர்வெறுக்கும் பகுதி ஒன்று பளிச்சென்று தெரிந்தது. "சவ்வை ஒருமுறை ஊடுருவும் புரதம்" என்று யோசிக்காமல் சொன்னேன். "சரி, அதற்கு அப்புறம் எத்தனை அமினோ அமிலங்கள்?" என்றார் தேர்வாளர். எண்ணினால் ஒன்றுகூட இல்லை. செல்லின் உள்திரவமான சைட்டோசாலுக்குள் நீட்ட வாலே இல்லாத புரதம்! புரதத்தைச் சவ்வின் வெளிப்புறத்தில் பிடித்துவைக்கும் சர்க்கரை-கொழுப்புக் கொக்கியான ஜிபிஐ நங்கூரம் இது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு இரண்டு முனைகளையும் சேர்த்தே பார்க்கப் பழகினேன். என்-முனையில் (வரிசையின் தொடக்கத்தில்) புரதத்தை எண்டோபிளாச வலைக்குள் அனுப்பும் சிக்னல் பெப்டைடு, சி-முனையில் அந்த நீர்வெறுக்கும் வால். இரண்டுமே வெட்டுப்படும். வாலை வெட்டும் டிரான்ஸ்அமிடேஸ் நொதி, ஏற்கெனவே தயாராக இருக்கும் நங்கூரத்தைக் கையோடு ஒட்டிவிடுகிறது. வெட்டும் இடமான ஒமேகாவில் கிளைசின், அலனின், செரின் மாதிரி சின்ன அமினோ அமிலங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். நங்கூரத்தைப் புரதத்திலிருந்து சவ்வை நோக்கி வரையுங்கள்: எத்தனோலமைன் பாஸ்பேட், மூன்று மேனோஸ், குளுக்கோசமைன், இனோசிட்டால், கடைசியில் கொழுப்பு. தலைகீழாக மனப்பாடம் செய்து நான் பட்ட குழப்பம் போதும்.

புரதத்தைச் சவ்வோடு ஒட்டவைக்கும் மற்ற கொழுப்புகளான மிரிஸ்டாயில், பால்மிடாயில், பிரினைல் எல்லாம் சவ்வின் உட்புறச் சமாச்சாரம். ஜிபிஐ வெளிப்புறம். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் அடைத்தால் தேர்வு நேரத்தில் கலந்துவிடும்.

ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸில் ஜிபிஐ புரதங்கள் சுமார் 250 இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். இரண்டே இரண்டை உருப்படியாகப் படித்தால் போதும் என்பது என் கட்சி. கோப்ரா என்ற புரதம் பழுதானால் செல்லுலோஸ் இழைகளின் ஒழுங்கு குலைந்து வேர்செல்கள் நீளாமல் உப்பிவிடும். லோரலை என்ற புரதம் இல்லாவிட்டால் மகரந்தக் குழாய் சூலுக்குள் இருக்கும் கருப்பைக்குள் போயும் வெடிக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

எழுத்துத் தேர்வில் பிடித்தமான கேள்வி: ஒரு புரதம் ஜிபிஐ-யால்தான் ஒட்டியிருக்கிறது என்று எப்படிக் காட்டுவீர்கள்? டிரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்பு போன்ற பொருளின் கரைசல் பனிக்கட்டியில் தெளிவாக இருக்கும், 37 டிகிரிக்குச் சூடாக்கினால் பால்போலக் கலங்கும். சுழற்றினால் சோப்பு அடுக்கு கீழே, நீர் அடுக்கு மேலே. நங்கூரம் உள்ள புரதம் கீழே தங்கும். பாஸ்போலிபேஸ் சி என்ற நொதி கொழுப்பை வெட்டிவிட்டால் மேலே வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, நொதி சேர்க்காத குழாயையும் பக்கத்திலேயே வரைந்துவிடுங்கள். அதை வரையாமல்தான் எனக்கு 2 மதிப்பெண் போனது.