மாநிலத்தின் இறையாண்மையும் படிக்கட்டில் தவழ்ந்தவரும்

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், போல்க் கவுண்டி நீதிமன்றத்தின் மாடிக்குச் செல்ல 1990களில் லிஃப்ட் இருக்கவில்லை. குற்ற வழக்கில் ஆஜராக வந்த, சக்கர நாற்காலியையே நம்பியிருந்த ஜார்ஜ் லேன் முதல் முறை படிகளில் தவழ்ந்தே ஏறினார். அடுத்த முறை தவழவும் மாட்டேன், பிறர் தூக்கிச் செல்லவும் விடமாட்டேன் என்று மறுத்தபோது, ஆஜராகவில்லை என்று கூறி அவரைக் கைது செய்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் அவர் இழப்பீடு கேட்டபோது, இறையாண்மை கொண்ட மாநிலத்தின் மீது அதன் சம்மதமின்றி வழக்குத் தொடுக்க முடியாது என்று, அரசியலமைப்பின் 11ஆவது திருத்தத்தைக் காட்டி டென்னஸி வாதிட்டது. உரிமைகளைக் காக்க அந்தப் பாதுகாப்பை நீக்கும் அதிகாரம், மாநிலங்கள் குடிமக்களின் உரிமைகளைப் பறிப்பதைத் தடுக்கும் 14ஆவது திருத்தத்தின் 5ஆம் பிரிவின்படி காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1976இலேயே ஏற்றிருந்தது. ஆனால் 1997இல், காங்கிரஸ் இயற்றும் அப்படிப்பட்ட சட்டம், அது தடுக்க விரும்பும் தீங்கின் அளவுக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும் என்ற கடினமான அளவுகோலையும் சேர்த்தது.

2004இல் உச்ச நீதிமன்றத்தில், நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பிரிந்த தீர்ப்பில் லேன் வென்றார். நீதிமன்றத்தை அணுகுவது அடிப்படை உரிமை என்பதே அதற்குக் காரணம். அதே சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதியின்கீழ் அலபாமா மாநில ஊழியர்கள் கேட்ட இழப்பீட்டை, 2001இல் இதே ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் மறுத்திருந்தது. பிழைப்பைப் பறிகொடுத்தவரின் இழப்பை இப்படிக் குறைத்து மதிப்பிட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை.