கொட்டை நம்முடையது, காசு யாருடையது?

போன ஜனவரியில் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சித்தப்பாவின் காபித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மூன்று ஏக்கர், சில்வர் ஓக் நிழலில் அராபிகா, மரத்தில் மிளகுக் கொடி. களத்தில் பார்ச்மெண்ட், அதாவது பழத்தோல் நீக்கி உள்ளோட்டோடு இருக்கும் காபிக் கொட்டை, காய்ந்துகொண்டிருந்தது. சித்தப்பா ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்து "காஞ்சிருச்சு, மூட்டை கட்டலாம்" என்றார். வாங்க வந்த வியாபாரி ஒரு கை அள்ளி, எத்தனை சதவீதம் ஈரம் என்று காட்டும் மீட்டரில் போட்டு, "13 இருக்குதுங்க, 10-க்கு வரணும்" என்று விலையைக் குறைத்துவிட்டார். ஏமாற்றுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எம்.காம். படித்த தங்கச்சி அப்புறம் ஒரு மீட்டர் வாங்கி மிச்சமிருந்ததை அளந்து பார்த்தால் அதே 13. ஓரத்தில் காய்ந்திருக்கிறது, நடுவில் கிளறவே இல்லை. வியாபாரி சொன்னது உண்மை என்பதுதான் சித்தப்பாவுக்குப் பெரிய வருத்தம்.

அன்றிலிருந்து இதே யோசனை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார். ஆக 200 வருஷமாக விளைவிக்கிறோம். இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதிதான், அதிகம் வாங்குவது இத்தாலி, போவது பெரும்பாலும் வறுக்காத பச்சைக் கொட்டையாக. ஜெர்மனியில் ஒரு காபிச் செடி கிடையாது, ஆனால் வறுத்த காபியை ஏற்றுமதி செய்வதில் அது முன்வரிசை. சுவிட்சர்லாந்துக்கு சாக்லேட், சீஸை விடக் காபியில் வருமானம் அதிகம். 1908-இல் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண், மகனின் பள்ளி நோட்டிலிருந்த மையொற்றுத் தாளைக் கிழித்துக் காபி வடிகட்டி, அதற்குக் காப்புரிமை பதிந்து கம்பெனியும் தொடங்கினார். இன்றைக்கும் அந்தப் பெயரில் ஃபில்டர் விற்கிறது.

ஆக, காசு கொட்டையில் இல்லை, அதை வைத்து என்ன செய்யத் தெரியும் என்பதில் இருக்கிறது. சரி, படித்தால் ஏற்றுமதி தானாக வந்துவிடுமா? வராது. இலங்கையில் 1945-லிருந்தே இலவசக் கல்வி. ஆனாலும் தேயிலையும் தைத்த துணியும்தான் பிரதானம், 2022-இல் கடனைக் கட்ட முடியவில்லை. கேரளம் பொருளைவிட ஆளைத்தான் அனுப்புகிறது. தென்கொரியாவோ 1945-இல் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத நாடு. பள்ளிகளை நிரப்பினார்கள், அறுபதுகளில் பொய்முடியும் பிளைவுட்டும் விற்றார்கள், பிறகு தொழிற்சாலைக்கு என்ன வேண்டுமோ அதற்கேற்ற தொழிற்பள்ளிகளைத் திறந்தார்கள். 1964-இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977-இல் 1,000 கோடி. பட்டம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதைவிட, படிப்பு களத்துப் பக்கம் வந்ததா என்பதுதான் கணக்கு என்று எனக்குப் படுகிறது. நம்ம ஊரில் மெக்கானிக்கல் முடித்த பையன் காபிப் பழத்தோலை உரிக்கும் பல்பர் மெஷினைத் தொடுவதில்லை, நேரே பெங்களூரு பஸ். அதுவும் ஒருவகையில் ஏற்றுமதி வருமானம்தான், மறுக்கவில்லை, ஆனால் இந்த மலைக்கு என்ன வந்தது?

இப்போது அடுத்தது வந்திருக்கிறது. காடழித்த நிலத்தில் விளைந்ததை வாங்கமாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது; தோட்டம் எங்கே இருக்கிறது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்டவேண்டும். அமலாவது தள்ளித் தள்ளிப் போகிறது, ஆனாலும் தங்கச்சி இப்போதே சித்தப்பா கையில் போனைக் கொடுத்துத் தோட்டத்துக்குள் அனுப்பிவிட்டாள். மிளகுக் கொடிக்குக் கீழிருந்து சத்தம் வந்தது:

"இங்க டவரே கிடைக்கலையே கண்ணு!"

"ஜி.பி.எஸ்-க்கு டவர் வேண்டாம்ப்பா, ஆடாம நில்லுங்க!"