எருக்கங்காய்க்குள் ஒரு பழ ஈ

பழ ஈ என்றால் நமக்கு மாம்பழத்துப் புழுவும் பாகல் பந்தலில் தொங்கும் பொறியும்தான் நினைவுக்கு வரும். எருக்கங்காயில் வளரும் பழ ஈ ஒன்று இருக்கிறது, டேகஸ் பெர்சிகஸ் என்று பெயர், 1927இல் ஹெண்டல் என்ற பூச்சியியலாளர் வைத்தது. ஈரானிலிருந்து இங்கே வரை உண்டு, ஆனால் விவசாயிக்கு நஷ்டம் வைக்காத பூச்சியை யார் கவனிப்பது!

போன கோடையில் ரோட்டோரச் செடியில் ஒரு பச்சைக் காயில் ஊசி குத்தியது போலக் கரும்புள்ளி இருந்ததைப் பார்த்து, நாலைந்து காய் பறித்து, மணல் போட்ட டப்பாவில் வைத்து, வேட்டித் துணியால் வாயைக் கட்டினேன் (அம்மா இன்னும் அந்த டப்பாவைக் கேட்கிறாள்). புழுக்கள் காயை விட்டு மணலுக்குள் இறங்கின. அப்புறம் ஒருநாள் காலையில் குளவி மாதிரி செம்பழுப்பு ஈக்கள் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

பெண் ஈயின் வால்நுனியில் நீண்ட ஊசி. எருக்கங்காயின் தோல் பஞ்சு மாதிரி தடிமன், விதையெல்லாம் நடுவில், வழியெல்லாம் பால். அதைத் துளைத்து உட்சுவரில் முட்டையிட அந்த நீளம் வேண்டும். புழு பிஞ்சு விதைகளைத் தின்று தீர்க்கும், பஞ்சு பறக்க மிஞ்சுவது சொற்பம்.

ஆஸ்திரேலியாவில் எருக்கு மேய்ச்சல் நிலங்களில் பரவிய களை என்பதால், அதன் விதையைத் தின்னும் பூச்சிகளைத் தேடுகிறார்கள். குயின்ஸ்லாந்து ஆய்வாளர் குஞ்சிதபாதம் திலீபன் 2014இல் எழுதிய கட்டுரையில் நம்ம ஈயும் பட்டியலில் உண்டு. சரி, அங்கே கொண்டுபோய் விட்டால் எருக்கைத் தவிர வேறு எதையாவது தின்னுமா? டேகஸ் பேரினத்தின் மற்ற உறவுகள் பூசணி வகைகளையும் பாஷன் பழக்கொடி வகைகளையும் தின்பவை, அதனால் கேள்வி சும்மா இல்லை.

எனக்கு எரிச்சல் தருவது, இலையில் ஈ உட்கார்ந்த படத்தைப் போட்டு அதையே உணவுச் செடி என்று எழுதுவது. நிழலுக்கும் இலையில் படிந்த தேன் பிசுக்குக்கும் ஈ எங்கேயும் உட்காரும். காயிலிருந்து வெளியே வந்தால்தான் கணக்கு.

இப்போது டப்பாவில் வேலிப்பருத்திக் காய், எருக்குக்குச் சொந்தம்தான். பத்து நாளாகிறது, மணல் அசையவில்லை.