பரணில் ஏறிய ஆடிட்டர்

2025 அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த அம்மா ஹாலில் நின்று நடுங்குகிறார். "ஜன்னல் எல்லாம் மூடித்தானே இருக்கிறது? காற்று எங்கிருந்துடா வருகிறது?" பூஜைக்கு ஏற்றிய ஊதுபத்தியின் புகை நேராக எழாமல் மாடிப்படிப் பக்கம் சாய்ந்தது. மிச்சிகன் மாநிலம் கேன்டனில் நாங்கள் வாங்கிய இந்த வீடு 1976இல் கட்டியது. குளிர்காலம் இனிமேல்தான் வரப்போகிறது.

அக்டோபர் 25, சனி

'இலவச எரிசக்திச் சோதனை' என்ற விளம்பரத்தை நம்பி ஒருவரை வரவழைத்தேன். இருபது நிமிடத்தில் பதினோரு ஜன்னல்களையும் மாற்றச் சொல்லி விலைப்பட்டியலை நீட்டினார். கூரைக்கு அடியில் உள்ள பரணை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காபி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

அக்டோபர் 26, ஞாயிறு

இரவு உட்கார்ந்து அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் விதிகளைப் படித்தேன். வீட்டில் எங்கே சூடு வீணாகிறது என்று ஆராயும் எரிசக்தித் தணிக்கைக்குக் கொடுக்கும் பணத்தில் 30 சதவீதம், அதிகபட்சம் 150 டாலர், வரிச் சலுகையாகக் கிடைக்கும். இது வருமானத்தில் கழிப்பதல்ல, கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் குறைவது. ஆனால் வரி இருந்தால்தான் குறையும். மிஞ்சியதைக் கையில் தரமாட்டார்கள், அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

2022ஆம் ஆண்டுச் சட்டப்படி 2032 வரை ஓடியிருக்க வேண்டிய சலுகை இது. இந்த ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை டிசம்பர் 31உடன் முடித்துவிட்டது. ஆக, எனக்கு இருப்பது இரண்டு மாதம். 2024 முதல், எரிசக்தித் துறை ஏற்றுக்கொண்ட திட்டம் ஒன்றில் சான்றிதழ் பெற்றவர் செய்த தணிக்கை மட்டுமே செல்லும். ஜன்னல்காரர் இலவசமாகப் பார்த்ததில் 30 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட எனக்கு வரி ஆலோசகர் தேவையில்லை.

நவம்பர் 8, சனி

சான்றிதழ் உள்ள ஒருவர் வந்தார். கட்டணம் 480 டாலர். "ஆடிட்டர் வருகிறார்" என்று சொல்லியிருந்தேன். அம்மா கணக்குப் பிள்ளை யாரோ கோப்புகளோடு வருவார் என்று எண்ணிக்கொண்டிருந்தார் போலும். வந்தவர் முழங்கால் பட்டை கட்டிக்கொண்டு ஏணியைத் தூக்கியதும், "ஆடிட்டர் எதற்குடா பரணில் ஏறுகிறார்?" என்று என் காதருகே கேட்டார்.

முதலில் கேஸ் வாட்டர் ஹீட்டரையும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸையும் அணைத்தார். சோதனைக்காகப் பொருத்தும் விசிறி காற்றை வெளியே இழுக்கும்போது புகைபோக்கி வழியாக நச்சுப் புகை வீட்டுக்குள் திரும்பிவிடக் கூடாது. பிறகு வாசல் கதவைத் திறந்து, அந்தக் கதவு நிலை முழுவதும் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டி, நடுவில் பெரிய விசிறியைப் பொருத்தினார். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிட 50 பாஸ்கல் குறையும்வரை அது ஓடியது. அந்த அழுத்தத்தில் வீட்டுக் காற்று முழுவதும் மணிக்கு 11 முறை மாறுகிறதாம். ஒழுக்கு இருந்த இடமெல்லாம் சீறியது. வெப்பப் படக் கருவியில் பரண் மூடியின் நான்கு ஓரமும் குளிரைக் காட்டும் கருநீலம். அவர் புகைக் குச்சியை நீட்டிக் காட்டியபோது அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை: "இதைத்தானே நான் தீபாவளி அன்றைக்கே காட்டினேன்!"

சூடான காற்று மேலேறிப் பரண் வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழே அடித்தளச் சுவர் விளிம்பில் குளிர்காற்று நுழைகிறது. ஜன்னல்கள் ஏறக்குறைய குற்றமற்றவை.

நவம்பர் 19, புதன்

அறிக்கை சில நாள் முன்பே வந்தது. எந்த வேலைக்கு எவ்வளவு மிச்சம் என்ற மதிப்பீடு உண்டு, கையெழுத்தும் உண்டு. ஆனால் தணிக்கையாளரின் வரி அடையாள எண் இல்லை, சான்றளித்த திட்டத்தின் பெயர் இல்லை, தாம் அதில் சான்று பெற்றவர் என்ற உறுதிமொழியும் இல்லை. இவை மூன்றும் அறிக்கையில் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை. நான்காவதில் விதியின் வாசகத்தையே ஒட்டி அனுப்பினேன், மறுநாளே திருத்திய அறிக்கை வந்தது. 144 டாலருக்கு இவ்வளவா என்று என் மனைவி கேட்டாள். கணக்கு என்னவோ அவள் பக்கம்தான்.

டிசம்பர் 13, சனி

பரண் வேலை முடிந்தது. முதலில் ஓட்டைகளை அடைத்துவிட்டு, பிறகு பழைய கண்ணாடி நார் மேல், சூடு வெளியேறாமல் தடுக்கும் வெப்பக் காப்பாகச் செல்லுலோஸைக் குழாயால் ஊதி நிரப்பினார்கள். வரிசை முக்கியம். மேலே நிரப்பிவிட்டால் அடியில் உள்ள ஓட்டையைத் தேட முடியாது. பில் 2,100 டாலர் என்று ஒரே வரியில் இருந்தது. வெப்பக் காப்புக்குப் பொருளின் விலைக்கு மட்டும்தான் சலுகை, கூலிக்குக் கிடையாது. பிரித்து எழுதித் தரச் சொன்னேன். பொருள் 900, கூலி 1,200. மனக்கணக்கில் வைத்திருந்த 630 டாலர் அங்கேயே 270 ஆகச் சுருங்கியது.

2026 பிப்ரவரி 1, ஞாயிறு

இந்தச் சலுகையைக் கோரும் வரிப் படிவம் 5695, இரண்டாம் பகுதி. தணிக்கைக்கு 144, காப்புக்கு 270, மொத்தம் 414. ரசீதுகளையும் அறிக்கையையும் இணைத்து அனுப்பத் தேவையில்லை, பத்திரமாக வைத்திருந்தால் போதும். முறுக்கு வந்த டப்பா ஒன்று காலியாக இருந்தது, அதில் போட்டுவைத்தேன்.

அடித்தள விளிம்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு இனி சலுகை கிடையாது. அடுத்த சனிக்கிழமை நுரை டப்பா நான்கு வாங்கி நானே அடைப்பதாக இருக்கிறேன். ஊதுபத்தியோடு மேற்பார்வை பார்க்க அம்மா தயார்.