எண்ணைப் பார்க்காதீர்கள், வரிகளைப் படியுங்கள்

வங்கியின் கடன் பிரிவில் இருந்த வருடங்களில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "சார், என் சிபில் அடிபட்டிருக்கா பாருங்க" என்பதுதான். யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார் என்ற விவரத்தைச் சேர்த்து வைக்கும் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் தரும், 300 முதல் 900 வரை போகும் அந்த எண்ணைத் தங்கள் நாணயத்துக்கு யாரோ போட்ட மார்க் என்றே பலர் நினைக்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் எழுதி அனுப்பிய விவரத்திலிருந்து கணக்கிடப்படுவது அது. அனுப்பியவர் தப்பாக அனுப்பினால் எண்ணும் தப்பாகத்தான் வரும். அதனால்தான் விவரத்தை எழுதி அனுப்புகிறவர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டர் வீட்டுக்கடனுக்கு வந்தார். சம்பளம் சரி, இடத்துப் பத்திரம் சரி. சிபில் ரிப்போர்ட்டில் ஒரு பழைய பைக் கடன் மட்டும் 'செட்டில்டு' என்று நின்றது. கொரோனா காலத்தில் சில டியூ தவறியிருக்கிறது. வசூலுக்கு வந்தவர், "பாதி கட்டுங்கண்ணா, மீதியைத் தள்ளுபடி பண்ணி முடிச்சுடலாம்" என்றிருக்கிறார். இவரும் கடன் வாங்கிக் கட்டி, கடிதம் வாங்கி, பத்திரமாக வைத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்துவிட்டது. முழுக்கக் கட்டி முடித்தால்தான் 'க்ளோஸ்டு', குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு', அதைப் பார்க்கும் அடுத்த வங்கி தயங்கும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றை (என்.ஓ.சி.) வாங்கி, விவரத்தைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. செட்டில்மென்ட் பேசும்போதே, இது ரிப்போர்ட்டில் எப்படிப் பதிவாகும் என்று கடன் வாங்கியவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வாங்கும் சம்மதத்தை நான் சம்மதமாகவே எண்ணுவதில்லை.

இன்னொரு வகை, கடனை முழுக்கக் கட்டியும் பாக்கி என்றே காட்டுவது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. திருத்தம் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. ஆனால் கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்ற முடியாது. "வங்கியைக் கேளுங்கள்" என்று இவர்களும், "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்று அவர்களும் சொல்ல, நடுவில் மனிதர் அலைவார். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது, 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. புகார் 30 நாளில் தீர வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்தத்தை அனுப்பாவிட்டால் அவர் தர வேண்டும். அனுப்பிய பிறகும் தாமதமானால் தகவல் நிறுவனம் தர வேண்டும். தொகை சிறியதுதான். ஆனால் தாமதம் யாருடையது என்று கேட்க இப்போது ஒரு தேதி இருக்கிறது. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம், கொடுக்கும் பக்கத்தின் பொறுப்பு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் தரும் நுண்கடனில் 2022 ஏப்ரலிலிருந்து ஒரு வரம்பு உண்டு: எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. பெர்சனல் லோனில் அது ஒவ்வொரு வங்கியின் கொள்கைக்கு விடப்பட்டிருக்கிறது. நல்ல ஸ்கோர் உள்ளவர் தலையில் தாங்க முடியாத தவணையைக் கட்டிவிட்டு, பிறகு ஸ்கோர் சரிந்தது என்று அவரையே குறை சொல்வது அநியாயம். முதன்முறை கடன் கேட்பவரைப் பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதையும் கவுன்டரில் இருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

கடனை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது பழைய விதி. 'சிபில் சரியில்லை' என்று எழுதினால் அது காரணமாகாது. எந்தக் கடன், எந்த மாதத் தவணை, யார் அனுப்பிய பதிவு என்று தமிழில் எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளோடு அவர் நேராக அந்த நிறுவனத்துக்குப் போய்க் கேட்க முடியும்.