என் பல்லில் இருந்த காவி

தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் திட்டுகள், நடுவே பழுப்புக் கோடுகள். ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்பதால் வித்தியாசமாகத் தெரியவில்லை. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் ஒருத்தி, “நீ பல்லே தேய்க்க மாட்டியா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரித்தேன்.

கரித்தூள், உப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. எலுமிச்சையை மட்டும் தயவுசெய்து யாரும் தொடாதீர்கள், எனக்குப் பல்கூச்சம்தான் மிஞ்சியது. ஒரு கிளினிக்கில் க்ளீனிங் செய்தார்கள். காறை போனது, காவி அப்படியே இருந்தது.

32 வயதில் பார்த்த டாக்டர்தான் முதல் கேள்வியாக, “சின்ன வயசுல எந்த ஊர்த் தண்ணி குடிச்சீங்க?” என்றார். அப்புறம் கண்ணாடியைக் கையில் கொடுத்து விளக்கினார். சொத்தை என்றால் அந்த இடம் மெத்தென்று ஆகிக் குழி விழும். பால்பல் வயதில் அடிபட்டிருந்தால் பெரும்பாலும் அடிபட்ட இடத்துப் பல்லில் மட்டும் கறை இருக்கும். எனக்கு இடமும் வலமும் ஜோடி ஜோடியாக ஒரே மாதிரி. இது புளோரோசிஸ். குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம். அதற்கு மேல் உள்ளதைச் சிறுவயதில் குடித்தால், ஈறுக்கு அடியில் பல் உருவாகும்போதே அதன் மேல்பூச்சான எனாமல் கெட்டுவிடும். “நீங்க தேய்க்காததால வந்ததில்ல” என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிகிச்சையின் பெயர் மைக்ரோஅப்ரேஷன். ஈறில் படாமல் ரப்பர் விரிப்பு மாட்டி, அமிலமும் நுரைக்கல் தூளும் கலந்த பசையைப் பல்லில் வைத்து மெதுவாகச் சுழற்றித் தேய்த்தார்கள். ஊசி இல்லை, வலியும் இல்லை. மணலைக் கடிப்பதுபோல் நறநறவென்ற சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. இரண்டு சிட்டிங்கில் பழுப்பு முக்கால்வாசி போய்விட்டது. குழி விழுந்திருந்த இரண்டு பற்களுக்குப் பல் நிறத்திலேயே காம்போசிட் என்ற பசை வைத்து அடைத்தார்கள். முடிந்த அன்று பல் காய்ந்திருந்ததால் வெள்ளைத் திட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. பயந்துவிட்டேன். இரண்டு நாளில் ஈரம் ஏறி அடங்கிவிட்டது. ஒரு வாரம் டீ, காபி, மஞ்சள் குழம்பு கூடாது என்றார்கள். டீயை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் புளோரைடு வார்னிஷ் பூச வந்தபோது தடுத்துவிட்டேன். ‘கெடுத்ததே அதுதானே!’ வளர்ந்து முடிந்த பல்லின் மேல் பூசினால் எனாமல் உறுதிப்படும், பல் உருவாகும் வயதில் அளவுக்கு மீறி உள்ளே போனால்தான் கறை வரும் என்று பொறுமையாகச் சொன்னார். சரி என்று வாயைத் திறந்தேன்.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகு எங்கள் தெருவுக்கும் காவிரித் தண்ணீர் வருகிறது. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினாலும் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். அதனால் அது எங்கள் வீட்டில் துணி துவைக்க மட்டும்தான். சமையலுக்கும் குடிக்கவும் குழாய்த் தண்ணீர்.

மகளுக்கு ஆறு வயது. போன வாரம் கீழ்வரிசையில் முதல் நிலைப்பல் முளைத்திருக்கிறது. ஓரம் சின்ன ரம்பம் மாதிரி இருக்கிறது, புதுப்பல் அப்படித்தான் வருமாம். தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இதுவரை ஒரு திட்டுகூட இல்லை.